மீன் முள்: எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் முள்ளே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

காலடிப்பேட்டை கணக்கர்
வணக்கம் மக்களே, ஒரு சந்தேகம், கொஞ்சம் அவசரம். அத்தைக்கு அறுபதுக்கு மேல் வயது, மேல்வரிசைக்குப் பல் செட் போட்டிருக்கிறார். நேற்று மதியம் கானாங்கத்தைக் குழம்பு சாப்பிடும்போது முள் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காட்டினோம். கழுத்துக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, முள் எதுவும் இல்லை, இறங்கும்போது கீறியிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் ராத்திரி அவர் தூங்கவே இல்லை. எச்சில் விழுங்கினாலே குத்துகிறதாம். விரல் வைத்துக் காட்டுகிற இடம் குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே. காய்ச்சல் இல்லை, ரத்தம் வரவில்லை. தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: சோற்று உருண்டை, வாழைப்பழம், தொக்கம் (கழுத்துக்கு வெளியே குழாய் வைத்து உறிஞ்சும் நாட்டு வைத்தியம்). என் மச்சான் மட்டும் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறான். ஒரு மீன் முள்ளுக்கு சிடியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டினத்தார் கோயில் தெரு
சிடியாவது ஒன்றாவது. வெறும் சோற்றைக் கெட்டியாக உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்லுங்கள், முள்ளை இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான்.

வேலாயுதம்பாளையம் வந்தவள்
மேலே சொன்னதைச் செய்யாதீர்கள் அண்ணா. லேசாக நின்றுகொண்டிருக்கும் முள்ளை உருண்டை இன்னும் உள்ளே குத்திவிடும். இறங்கினால் அதிர்ஷ்டம், குத்தினால் ஆபரேஷன்.

டார்க்ரூம் தாத்தா
கணக்கர் தம்பி, நான் வடசென்னையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவன். ஃபிலிமை டெவலப்பரில் போட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டக் கிளிப்பில் தொங்கவிட்ட காலத்து ஆள். அதனால் எக்ஸ்ரே பக்கத்தை மட்டும் சொல்கிறேன், வைத்தியத்தை டாக்டர்கள் சொல்லட்டும்.

எக்ஸ்ரே என்பது நிழல். கழுத்தைப் பக்கவாட்டில் எடுத்தால் தோல், தசை, குரல்வளை, உணவுக்குழாய், முதுகெலும்பு எல்லாம் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்று விழும். கதிரை நன்றாகத் தடுக்கிற பொருள்தான் அதில் வெள்ளையாகத் தனித்துத் தெரியும். மட்டன் எலும்புத் துண்டு என்றால் பளிச்சென்று நிற்கும், எடுத்தவுடனே சொல்லிவிடலாம். மீன் முள் அப்படி இல்லை. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, தடிமனும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். அதோடு, முள் கதிர் போகும் திசையிலேயே நீளவாக்கில் கிடந்தால் ஒரு புள்ளியாவது விழும், குறுக்கே கிடந்தால் மெல்லிய கோடு தசையின் நிழலோடு கலந்துவிடும். பெரும்பாலான ஆய்வுகளில், உள்ளே முள் இருப்பது உறுதியானவர்களிலேயே பாதிப்பேருக்குக் கூட எக்ஸ்ரேயில் தெரிந்ததில்லை.

அப்புறம் இன்னொரு தலைவலி. வயதானவர்களுக்குக் குரல்வளையின் குருத்தெலும்பு எலும்பு மாதிரியே இறுகிவிடும், அதுவும் ஒரே சீராக இல்லாமல் இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு கீற்று என்று. தைராய்டு குருத்தெலும்பின் பின் ஓரமும், அதற்குக் கீழே கிரிக்காய்டு என்கிற குருத்தெலும்பு வளையத்தின் பின்பக்கமும் பார்ப்பதற்கு அச்சு அசல் முள் மாதிரி இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன்கள் அதைப் பார்த்துவிட்டு "முள் இருக்கு சார்" என்று ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆக, இருக்கிற முள் தெரியாது, இல்லாத முள் தெரியும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. எக்ஸ்ரேயில் தெரிந்தால் அது குருத்தெலும்பு இல்லை, முள்தான் என்று உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் எதுவும் முடிவாகவில்லை.

காசிமேடு ஏலம்
தாத்தா சொன்னது கரெக்ட், ஆனால் மீனுக்கு மீன் வேறு. நெத்திலி, மத்தி முள்ளெல்லாம் மயிரிழை, பாதிப்பேர் மென்றே விழுங்கிவிடுவார்கள். சங்கரா முள் ஊசி மாதிரி கெட்டி. வஞ்சிரத்தில் நடுமுள் மட்டும்தான் கவனம். கடலில் போட் போகாத தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஏரி மீன் அதிகமாக விற்கும். ரோகு, கட்லா, கெண்டையில் சதைக்குள்ளேயே Y வடிவத்தில் பொடி முள் புதைந்திருக்கும், கடல் மீன் தின்று பழகிய நாக்குக்கு அது புரியாது. எந்த மீன் முள் எக்ஸ்ரேயில் விழும் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

டார்க்ரூம் தாத்தா
பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு மீனின் முள்ளையும் தனித்தனியாக வைத்து எடுத்துப் பார்த்தார்கள். காட், ஹாடக் மாதிரி மீன்களின் முள் நன்றாகத் தெரிந்தது. ஹெர்ரிங், சால்மன், ட்ரவுட், மாக்கரல் இவற்றின் முள் தெரியவில்லை. நம் கானாங்கத்தை மாக்கரல் குடும்பம், மத்தி ஹெர்ரிங் குடும்பம். நம் ஊரில் தினம் தட்டில் விழுகிற இரண்டுமே கண்ணாமூச்சி ஆடுகிற கூட்டம் என்று வைத்துக்கொள். அதனால்தான் என்ன மீன் என்று டாக்டரிடம் சொல்வது முக்கியம். நிறையப் பேர் சொல்வதே இல்லை.

இஎன்டி பிஜி
கணக்கர் அண்ணா, நான் இஎன்டி, அதாவது காது மூக்கு தொண்டை மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். தாத்தா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எக்ஸ்ரே சரியில்லை என்பதற்காக நேராக சிடிக்கு ஓடவும் வேண்டாம். நடுவில் ஒரு படி இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

மீன் முள் பெரும்பாலும் மேலேதான் மாட்டும்: டான்சில், நாக்கின் அடிப்பகுதி, அதற்கும் குரல்வளை மூடிக்கும் நடுவில் இருக்கும் பள்ளம், குரல்வளைக்கு இரண்டு பக்கமும் உள்ள குழிகள். டான்சிலில் இருந்தால் நாக்கை அழுத்தி நல்ல வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். மற்ற இடங்களைக் கண்ணாடி வைத்தோ, மூக்கு வழியாக விடுகிற வளையும் ஸ்கோப்பிலோ பார்க்கலாம். மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து உட்கார்ந்த நிலையிலேயே பார்ப்பது, சில நிமிட வேலை. முள் கண்ணில் பட்டால் பெரும்பாலும் அங்கேயே இடுக்கியால் எடுத்துவிடலாம். அத்தைக்கு ஸ்கோப் பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

குத்துகிற இடம் மேலே, ஒரு பக்கமாக இருந்தால் நோயாளி காட்டும் விரலை ஓரளவு நம்பலாம். குரல்வளைக்குக் கீழே காட்டினால், உணவுக்குழாய் தொடங்குகிற இறுக்கமான தசை வளையத்தில் மாட்டியிருக்கலாம். கழுத்துப் பக்க முதுகெலும்பில் ஆறாவதுக்கு நேரே வரும் இடம் அது, உணவுக்குழாயிலேயே குறுகலானது. ஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டால் அது வரை எட்டாது. அத்தை காட்டுவது அந்த இடம், போதாததற்குப் பல் செட். அண்ணத்தைப் பிளேட் மூடியிருப்பதால் முள் இருப்பதே வாய்க்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாமல் வலியும் குறையாமல் இருந்தால், அப்போதுதான் சிடி. இந்த இடத்தில் சிடி கிட்டத்தட்ட ஏமாற்றாது, பத்தில் ஒன்பது முள்ளுக்கு மேல் பிடித்துவிடும்.

சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் அழைத்துப் போங்கள். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். 2016-ல் ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் கொடுத்த வழிகாட்டுதலில், உணவுக்குழாயில் கூர்மையான பொருள் இருந்தால் முடிந்தால் 2 மணி நேரத்தில், போனால் போகிறது என்று 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிடச் சொல்கிறது. நீங்கள் ஏற்கெனவே ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டீர்கள், இனி இங்கே பதில் படித்துக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் பக்கம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, கேஷுவாலிட்டிக்குப் போய் மீன் முள் என்று சொல்லுங்கள்.

காலடிப்பேட்டை கணக்கர்
ஸ்கோப் பார்க்கவில்லை தம்பி. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்ததோடு சரி. கிளம்புகிறோம்.

கமிஷன் எதிரி
எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் இன்னொரு பக்கமும் பேசுவோம். தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர். தலைவலி என்றால் எம்ஆர்ஐ, தொண்டை வலி என்றால் சிடி. அனுப்புகிற இடத்துக்குப் பங்கு போகிறது என்பது ஊரறிந்த ரகசியம். இப்போது மீன் முள்ளுக்கும் சிடி என்று ஆரம்பித்தால் நாளைக்கு மீன் மார்க்கெட் வாசலிலேயே மெஷினை வைப்பார்கள். கதிர்வீச்சைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இஎன்டி பிஜி
சார், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் ஸ்கோப்பை முதலில் சொன்னேன். முள் குத்துகிறது என்று வருகிற எல்லோரையும் சிடிக்கு அனுப்பினால் தப்பு. வருகிறவர்களில் பலருக்கு முள் ஏற்கெனவே இறங்கிப் போயிருக்கும், கீறல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

கதிர்வீச்சைக் கணக்காகவே பார்ப்போம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. கழுத்து சிடிக்கு சுமார் 3. மண், பாறை, வானத்திலிருந்து சும்மா இருப்பவனுக்கே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 வருகிறது. அறுபது வயதுக்காரருக்கு ஒரு தடவை எடுக்கும் சிடி, கண்டுபிடிக்காத முள்ளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அந்த முள் உணவுக்குழாயைத் துளைத்தால் கழுத்தில் சீழ் கட்டும், அது நெஞ்சுக்கூட்டுக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அரிதாக நெஞ்சில் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டிருக்கிறது. முதலில் கொஞ்சம் ரத்தம் வந்து நிற்கும், சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள், அப்புறம் கொட்டும். அதே சிடியைப் பத்து வயதுப் பையனுக்கு எழுதுவதற்கு முன் நானும் நிறுத்தி யோசிப்பேன்.

கமிஷன் எதிரி
சரி, ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. ஆனால் முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கோப் இல்லாமல் எக்ஸ்ரே மட்டும் எடுத்து "முள் இல்லை" என்று சொன்னார்களே, அதற்குப் பெயர் என்ன? தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

டார்க்ரூம் தாத்தா
அதைத்தான் நானும் காலம் பூராவும் கத்தினேன்.

பட்டினத்தார் கோயில் தெரு
எல்லோரும் சேர்ந்து ஒரு சோற்று உருண்டையைப் பயங்கரவாதி ஆக்கிவிட்டீர்கள். எங்கள் பாட்டி அத்தனை பேருக்கும் அதைத்தான் கொடுத்தார்.

வேலாயுதம்பாளையம் வந்தவள்
டான்சிலில் லேசாக ஒட்டின முள்ளுக்கு இருமினாலே போதும், பாட்டியே வேண்டாம்.

காலடிப்பேட்டை கணக்கர்
மக்களே, முள் வெளியே வந்துவிட்டது. கேட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள், மேலே சுத்தமாக இருந்தது. ஆனால் குரல்வளைக்குப் பின்னால் ஒரு குழியில் எச்சில் தேங்கி நிற்கிறது, அது கீழே எதுவோ அடைத்திருப்பதற்கு அடையாளம் என்று அந்த லேடி டாக்டர் சொன்னார். உடனே மருந்து ஏற்றாத சாதா சிடி. பல் செட்டைக் கழற்றச் சொன்னார்கள், தோட்டையும் செயினையும் வாங்கி என் கையில் கொடுத்தார்கள். மெஷின் ஓடும்போது எச்சில் விழுங்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அத்தைக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

நான் டாக்டர் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்டக் கழுத்து மேலிருந்து கீழே போகிறது. குரல்வளை ஒரு வெள்ளை வளையமாக வந்தது, அதற்குப் பின்னால் உணவுக்குழாய் சப்பையாகச் சாம்பல் நிறத்தில். இரண்டு மூன்று படத்துக்கு மட்டும் அதற்குள் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது, இன்னும் கொஞ்சம் உருட்டினால் மறைந்துவிட்டது. கிரிக்காய்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு முனையும் சுவரில் ஊன்றியிருந்தது. வெளியே காற்று கசியவில்லை, அதாவது துளைக்கவில்லை என்றார். மயக்கம் கொடுத்து நேரான குழாயை விட்டு எடுத்தார்கள். ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள், கட்டைவிரல் நகத்தின் நீளம் கூட இல்லை.

காசிமேடு ஏலம்
நல்லவேளை தலைவா. அத்தைக்கு ஒரு மாசம் எறா மட்டும் வாங்கிக் கொடுங்கள், காசு என் கணக்கு.

ஸ்கேன் ரூம் ஷிப்ட்
நான் சிடி எடுக்கிற வேலையில் இருக்கிறேன். இந்த இழையைப் பின்னால் தேடி வருகிறவர்களுக்காக ஒன்றிரண்டு விஷயம்.

சிடி எடுத்தாலே முள் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், எப்படி எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. வஞ்சிரத்தைத் துண்டு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தடியாக வெட்டினால் நடுவில் இருக்கும் மெல்லிய முள் துண்டுக்குள்ளேயே மறைந்துவிடும், மெலிதாக வெட்டினால்தான் வெட்டு முகத்தில் தட்டுப்படும். கழுத்தை 5 மில்லிமீட்டர் துண்டுகளாகப் பார்த்தால் முள்ளின் வெண்மை சுற்றியிருக்கும் சதையோடு சராசரியாகிக் கரைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழே போக வேண்டும். சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, மெஷினைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, சதை 30 முதல் 60 வரை, எலும்பு பல நூறு. அந்த மனிதர் இங்கிலாந்தில் இஎம்ஐ என்ற கம்பெனியில் வேலை செய்த இன்ஜினியர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியை எடுத்தார்கள், 1979-ல் நோபல் பரிசு. முள்ளின் எண் சதையைவிட எவ்வளவோ அதிகம், ஆனால் துண்டு தடியாக இருந்தால் அந்த அதிகம் காணாமல் போய்விடும்.

அப்புறம் பல இடங்களில் கையில் கொடுக்கிற பெரிய ஃபிலிமில் ஏதோ சில படங்களைத்தான் அச்சடிப்பார்கள். கணக்கர் சொன்ன மாதிரி முள் இரண்டு மூன்று படத்தில் வந்து போகிறது என்றால், அந்தப் படங்கள் ஃபிலிமில் இல்லாமலே போகலாம். சிடியை வேறு டாக்டரிடம் காட்டப் போகிறீர்கள் என்றால் டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். டெக்னீஷியனிடம் "தொண்டை வலி" என்று மட்டும் சொல்லாமல் மீன் முள், இன்ன மீன், இன்ன இடம் என்று சொல்லுங்கள். சீட்டில் அது எழுதியிருந்தால் நாங்கள் எடுக்கிற விதமே மாறும். நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து பொதுவாக வேண்டாம், சீழ் கட்டியிருக்கிறதா, ரத்தக்குழாய் பக்கம் போயிருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால்தான்.

கொருக்குப்பேட்டை கேட்
முன்பெல்லாம் பேரியம் மாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்களே, பஞ்சைக் கூட அதில் நனைத்து விழுங்க வைப்பார்கள். அது இப்போது இல்லையா?

இஎன்டி பிஜி
இப்போது வேண்டாம் என்கிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் இருக்கிறது, அதோடு உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி பூசிவிடும், பிறகு ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது.

தொக்கம் நம்பிக்கை
யாரும் தொக்கத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறீர்கள். எங்கள் பக்கம் ஒருவர் குழாய் வைத்து உறிஞ்சி முள்ளைக் கையிலேயே எடுத்துக் காட்டுகிறார், நான் கண்ணால் பார்த்தேன். வலியும் போய்விட்டது.

இஎன்டி பிஜி
கண்ணால் பார்த்தது அவர் கையில் இருந்ததை, உங்கள் தொண்டையில் இருந்ததை இல்லை. கழுத்துத் தோலுக்கு வெளியே குழாய் வைத்தால் உள்ளே இருக்கிற முள் எந்த வழியாக வரும்? முள் ஏற்கெனவே இறங்கிப் போய்க் கீறல் மட்டும் இருந்தவருக்கு வலி தானாகவே போயிருக்கும், பெயர் தொக்கத்துக்கு. நிஜமாகவே முள் இருப்பவர்தான் அங்கே இரண்டு நாளை வீணாக்கிவிட்டுக் கழுத்து வீங்கி எங்களிடம் வருகிறார்.

அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார், வாழ்நாள் முழுக்க இதே வேலை. அவர் ஆட்களின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட சாமான்கள் பிலடெல்பியாவில் ஒரு மியூசியத்தில் இருக்கின்றன: ஊக்கு, பொத்தான், எலும்பு, பொம்மைத் துண்டு. பெரும்பாலும் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தவை.

தொக்கம் நம்பிக்கை
உங்கள் நம்பிக்கை உங்களுக்கு.

புதுவண்ணை அம்மா
பையனுக்கு நாலு வயசு. எதையோ விழுங்கிவிட்டான் என்று நினைக்கிறேன், முள்ளா நாணயமா தெரியவில்லை, சாப்பிட மாட்டேன் என்கிறான், எச்சில் வடிகிறது. குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று பயமாக இருக்கிறது.

ஸ்கேன் ரூம் ஷிப்ட்
அக்கா, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டாம். என்ன விழுங்கினான் என்று தெரியாதபோது எக்ஸ்ரேதான் முதல் வேலை. நாணயம், பேட்டரி எல்லாம் அதில் தப்பாது. வீட்டில் ரிமோட், பொம்மை, வெயிட் மெஷின் எதிலாவது பட்டன் பேட்டரி காணாமல் போயிருக்கிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது உணவுக்குழாயில் நின்றால் இரண்டே மணி நேரத்தில் சுவரை அரிக்க ஆரம்பித்துவிடும், முள்ளைவிடப் பல மடங்கு அவசரம். படத்தில் நாணயம் மாதிரியேதான் இருக்கும், ஓரத்தில் இரட்டைக் கோடு தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாய்க்குள் விரல் விடாதீர்கள்.

புதுவண்ணை அம்மா
ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறோம்.

கமிஷன் எதிரி
கடைசியாக ஒரு கேள்வி. கதிர்வீச்சே இல்லாத எம்ஆர்ஐ இருக்கும்போது முள்ளுக்கு அதை ஏன் எடுப்பதில்லை? அதுதானே காசும் அதிகம், உங்கள் ஆட்களுக்கு லாபம்?

ஸ்கேன் ரூம் ஷிப்ட்
எம்ஆர்ஐ முக்கியமாகத் தண்ணீரையும் கொழுப்பையும்தான் படம் பிடிக்கும். முள்ளில் அவை மிகக் குறைவு என்பதால் கறுப்புக் கீற்றாகத்தான் வரும், பக்கத்தில் இருக்கும் காற்றும் கறுப்பு, பிரித்துப் பார்க்க முடியாது. அதோடு அரைமணி நேரம் விழுங்காமல் படுத்திருக்க வேண்டும், தொண்டையில் முள்ளோடு எவனால் முடியும்? விழுங்கியது முள் இல்லாமல் இரும்பாக இருந்தால் காந்தம் இழுத்துவிடும், அது வேறு. யாராவது மீன் முள்ளுக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால், அப்போது உங்கள் கமிஷன் கணக்கை நானும் நம்புகிறேன்.